சாம்பல் நிறத் துண்டு

எழிலுக்கு என்ன வேலை என்று அடி அண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல வட்டம் போடுது" என்பார்கள். அவளைப் பெற்ற காசியம்மாளே அப்படித்தான் சொல்லுவாள். அதில் பாதி உண்மை இருந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் சிவகணேஷ் நடத்தும் சின்ன ஆபீஸில் எழில் வேலை பார்த்தாள். லாட்ஜ்காரர்கள், செங்கம் ரோட்டுக் காப்பிக்கடைக்காரர்கள், மூலிகை எண்ணெய் விற்பவர்கள் என்று ஊரில் எல்லோருக்கும் இப்போது ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், என்ன எழுதினார்கள், புகழ்ந்தார்களா திட்டினார்களா என்பதையெல்லாம் ஒரே திரையில் படமாக்கிக் காட்டுவது அவள் வேலை. வெறும் எண்ணைக் காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள் படத்தைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தத் திரைக்கு டேஷ்போர்டு என்று பெயர்.

எதற்கு எந்தப் படம் என்பதில் எழில் மகா கறார். நாளுக்கு நாள் ஏறுவதும் இறங்குவதும் என்றால் கோடு. ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமென்றால் கம்பம். முழுசில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதற்கு மட்டும்தான் வட்டம், அதுவும் ஐந்து துண்டுக்கு மேல் போகக் கூடாது. கோடு போட வேண்டிய இடத்தில் யாராவது வட்டம் போட்டுவிட்டால் இனிக்கிற பெங்களூர் சாம்பாரை வாயில் வைத்தவள்போல முகத்தைச் சுளிப்பாள். அடி அண்ணாமலையில் இரண்டு மாட்டை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாகத் தன்னைப் படிக்க வைத்த அம்மாவிடம்கூட அவள் அவ்வளவு கறாராகப் பேசியதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கஸ்டமர் இராமலிங்கம். நல்ல மனிதர், பெரிய லாட்ஜ் முதலாளி. ஊரில் உள்ள சில லாட்ஜ்காரர்கள் சேர்ந்து, கிரிவலம் வருகிறவர்களுக்கென்று ஒரு ஃபேஸ்புக் பக்கம் வைத்திருந்தார்கள். பௌர்ணமி எப்போது தொடங்குகிறது, பஸ் எங்கே நிற்கும், அறை எங்கே கிடைக்கும் என்று அதில் போடுவார்கள். லட்சக்கணக்கான பேர் பார்க்கிற பக்கம் அது. அதற்கான டேஷ்போர்டை முதன்முதலாகப் பார்த்தபோது இராமலிங்கம் உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, மலையைச் சுத்தறது வட்டம். வானத்துல நெலா வட்டம். நீ மட்டும் ஏன் குச்சி குச்சியா நிக்க வச்சிருக்கே? வட்டமா போடும்மா. நடுவுல ஓட்டை இருந்தா இன்னும் அழகு, மெதுவடை மாதிரி."

எழில் சிவகணேஷைப் பார்த்தாள். சிவகணேஷ் கோயிலில் பூஜை செய்கிற குடும்பத்துப் பிள்ளை. வேதபாடசாலையிலிருந்து பாதியில் ஓடிவந்து கம்ப்யூட்டர் படித்தவர். யார் மனமும் நோகாமல் பேசுவது அவருக்குக் கூடப்பிறந்தது. "சார் கேக்கற மாதிரியே குடுத்துடு எழில். நமக்கென்ன?" என்றார். உலகத்தில் நடந்த பாதி நாசம் இந்த 'நமக்கென்ன' போட்டதுதான்.

எழில் வடை போட்டாள். பௌர்ணமியன்று வந்து குவிகிற கருத்துகளை வகை பிரித்தாள். 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்பவர்கள் பெரிய துண்டு. நன்றி சொல்பவர்கள் ஒரு துண்டு. அறையும் பஸ்ஸும் கேட்பவர்கள் ஒரு துண்டு. குடிதண்ணீர் இல்லை, கழிவறை இல்லை என்று குறை சொல்பவர்கள் ஒரு துண்டு. இதிலெல்லாம் சேராத சில்லறைகளை ஒன்றாகத் திரட்டி 'மற்றவை' என்று பெயரிட்டு, கண்ணை உறுத்தாத வெளிர்ச் சாம்பல் நிறம் கொடுத்தாள். ஒரு வகை மிகச் சிறியதாக இருந்தால் தானாகவே அதற்குள் போய் விழும்படி ஏற்பாடும் செய்தாள். ஆபீஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அவளே அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தாள். மாதாமாதம் இராமலிங்கம் அந்த வடையைப் பெரிய திரையில் போட்டுக் காட்டி மற்ற லாட்ஜ்காரர்களிடம் கைதட்டல் வாங்கினார். சாம்பல் துண்டு நகக்கீறல் அளவுதான் இருக்கும். அது என்ன என்று யாரும் கேட்டதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். துண்டு துண்டாக நறுக்கினால் மறைக்கலாம் என்று அந்தப் பழமொழி சொன்னவருக்குத் தெரியவில்லை.

பௌர்ணமி என்றால் எழிலுக்கு வீடு கிடையாது. அன்று முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து வருகிற கருத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கூட்டம் வடிந்த பிறகுதான் அடி அண்ணாமலைக்குப் போவாள். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்களைத் தொட்டுக்கொண்டு போகும் கிரிவலப் பாதை அவள் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகிறது. காசியம்மாள் அன்றைக்கு வாசலில் மோர்ப்பானை வைப்பாள். புங்கமரத்தடியில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு வைப்பாள். கால் ஓய்ந்தவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். சர்க்கரைப் பொங்கலும் வைப்பாள். அவள் பொங்கலுக்கு ஒரு தனி வாசனை. எல்லோரும் ஏலக்காய் போட்டால் இவள் கிராம்பைத் தட்டிப் போடுவாள். எப்போதாவது எழில் அதை ஆபீஸுக்கு எடுத்து வந்தால், முன் மேசையில் உட்காருகிற சாம்பவி டப்பாவைத் திறப்பதற்கு முன்பே மோப்பம் பிடித்துவிடுவாள். "அக்கா, உங்க அம்மா பொங்கல்தானே? கிராம்பு மாடிப்படி வரைக்கும் வருது!"

ஆனி மாதத்தில் ஒருநாள் பக்கத்தின் உள்பெட்டிக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் பெயர் முருகவேல், ஊர் திண்டிவனம்.

'போன பௌர்ணமிக்கு எங்க அம்மா உங்க ஊருக்கு வந்தாங்க. அம்மாவைக் காணோம், நிருதி லிங்கம் கிட்டருந்து கடைசியா பேசினாங்க, யாராச்சும் பார்த்தீங்களான்னு உங்க பக்கத்துல கமெண்ட் போட்டேன். அதுக்கு நீங்க ஹார்ட் போட்டிருந்தீங்க. விடியக்காலையில ரோட்டோரத்துல கண்டெடுத்தோம். கழுத்துல செயின் இல்ல. அம்மா கண்ணே முழிக்கல. நேத்து பதினாறாம் நாள் காரியம் பண்ணினோம். எதுக்காக ஹார்ட் போட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க.'

எழில் அதை இரண்டு முறை படித்தாள். கருத்து போடுகிற எல்லோருக்கும் தானாகவே ஒரு சிவப்பு இதயம் போகும்படி பக்கத்தில் செய்துவைத்திருந்தவள் அவள்தான். அவருடைய கருத்தைத் தேடினாள். அது இருந்தது, சாம்பல் துண்டுக்குள்.

பிறகு பழைய மாதங்களின் 'மற்றவை' முழுவதையும் திறந்து ஒன்றுவிடாமல் படித்தாள். 'அத்தைக்கு மயக்கம் வந்துடுச்சு, எழுந்து பார்த்தா தாலிக்கொடி இல்ல, கூட்டத்துல விழுந்திருக்கும், கெடைச்சா சொல்லுங்க.' 'அப்பா போனை எடுக்கல, யம லிங்கத்துக்கிட்ட இருந்தாரு.' 'பெரியம்மா ரோட்டோரமா படுத்துட்டாங்க, எழுப்பினா எழல, நடந்த களைப்பா இருக்கும்.' 'யாரோ பிரசாதம் குடுத்தாங்க, சாப்பிட்டதும் ஒரே தூக்கம், வளையலைக் காணோம்.' எழுதியவர்கள் எல்லோரும் வெவ்வேறு ஊர்க்காரர்கள். ஆளாளுக்குத் தன் வீட்டில் மட்டும் நடந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

இதற்கு எந்தப் படம்? முதலில் இடவாரியாகக் கம்பங்களை நிறுத்தினாள். மென்பொருள் தன் வழக்கப்படி லிங்கங்களை அகரவரிசையில் அடுக்கியது. கம்பங்கள் ஏறக்குறைய ஒரே உயரம், ஒன்றும் தெரியவில்லை. மாதவாரியாகக் கோடு போட்டாள். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக, ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு புள்ளியாக வைத்தாள். குறுக்கே நேரம், மேல்நோக்கி இடம். புள்ளிகள் சிதறிக் கிடந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலையை யாராவது அகரவரிசையில் சுற்றுவார்களா? இந்திரன், அக்னி, யமன், நிருதி, வருணன், அப்புறம் அடி அண்ணாமலை, வாயு, குபேரன், ஈசானியம் என்று கால் போகிற வரிசையில் இடங்களை மாற்றி அடுக்கினாள்.

புள்ளிகள் ஓடிவந்து ஒரு சாய்ந்த கோட்டில் நின்றன.

எழில் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அந்தக் கோடு என்ன என்று விளக்க அந்த ஊர்க்காரிக்கு யாரும் தேவையில்லை. மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் நடப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவன், அவசரமே இல்லாமல், நிதானமாக நடந்துகொண்டிருக்கிறான். அவன் போகிற வழியெல்லாம் ஆட்கள் விழுகிறார்கள். வேறொரு மாதத்துப் புள்ளிகளை வேறு நிறத்தில் போட்டாள். அவையும் அதே கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொரு பௌர்ணமியும் அதே நடை.

ஒரே ஒரு ஆறுதல் அவளுக்கு இருந்தது. அடி அண்ணாமலைக்கு நேரே ஒரு புள்ளிகூட இல்லை. எந்த மாதத்திலும் இல்லை. எங்க ஊர்ல எவனும் வாலாட்ட முடியாது என்று அவள் மனசுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப் பார்த்தது. பாவி, அதை நம்பினாள்.

சிவகணேஷிடம் காட்டினாள். "என்ன இது, கொசு மொய்ச்சாப்பல இருக்கு?" என்று சிரித்தவர், அவள் சொல்லச் சொல்லச் சிரிப்பை நிறுத்திவிட்டார். விரலைத் திரைமேல் வைத்து அந்தச் சாய்வை மெள்ளத் தடவிப் பார்த்தார். இராமலிங்கத்தைப் போனில் பிடித்தார்கள். பக்கத்தில் ஓர் எச்சரிக்கை போட வேண்டும், தெரியாதவர்கள் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று.

"பௌர்ணமி பக்கத்துல வந்துடுச்சு. இப்பப் போயி ஜனங்களைப் பயமுறுத்தச் சொல்றியா?" என்றார் இராமலிங்கம். "லட்சம் பேர் வர்ற எடத்துல நாலு பேர் மயங்கி விழமாட்டானா? பிரசாதத்தை வாங்காதேன்னு நம்ம ஊர்ல எழுதினா நம்மள அடிக்க வருவாங்கம்மா."

அவர் சொன்னதன் கடைசிப் பகுதி உண்மை. இந்த ஊரில் கையில் பிரசாதத்தை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுகிற கை கிடையாது. அந்த ஆள் பிழைப்பதே அந்த ஒரு வழக்கத்தின்மேல்தான். எழில் போலீஸுக்குப் போன் செய்து சொன்னாள். கேட்டு எழுதிக்கொண்டார்கள், சாதாரண உடையில் கூடுதலாக ஆள் போடுவதாகச் சொன்னார்கள். எவனைத் தேடுவது என்றும் கேட்டார்கள். அவளிடம் இருந்தது ஒரு கோடு, முகம் இல்லை.

ஆடிப் பௌர்ணமி. மதியத்திலிருந்தே கூட்டம் திரண்டது. எழில் சாய்வுப்படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கருத்துகளைப் படித்தாள். வெயில் தாழ்ந்ததும் முதல் புள்ளி அக்னி லிங்கத்துக்கு நேரே விழுந்தது. 'சித்தி மயக்கமா உக்காந்துட்டாங்க.' கொஞ்சம் பொறுத்து யம லிங்கம். அவன் கிளம்பிவிட்டான். போலீஸுக்கு மறுபடி போன் செய்து, அடுத்தது நிருதி லிங்கம் என்று சொன்னாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீ இன்னிக்கு மலை சுத்தப் போவாத. எவனோ பிரசாதம்னு எதையோ குடுத்து மயக்கி நகையைக் கழட்டறான். வீட்லயே இரு. நம்ம ஊர்ல ஒண்ணுமில்ல. யார் எது குடுத்தாலும் வாங்கித் துன்னாத."

"எனக்கு யாருடி குடுக்கப்போறாங்க? நான்தான் குடுக்கறவ" என்று காசியம்மாள் சிரித்தாள். "சரி, போவல. நீ துன்னியா?"

நிருதியில் ஒரு புள்ளி. வருணனில் ஒரு புள்ளி. அப்புறம் ஒன்றும் இல்லை.

எழில் காத்திருந்தாள். கூட்டத்தின் படங்கள், அரோகராக்கள், அறை கேட்பவர்கள், எல்லாம் வந்துகொண்டிருந்தன. சாம்பல் துண்டில் மட்டும் எதுவும் விழவில்லை. போலீஸ் பிடித்துவிட்டதோ? அவள் பழைய மாதங்களின் படத்தைப் பார்த்தாள். எல்லா மாதமும் இந்த இடத்தில் இப்படித்தான் இடைவெளி. மேசைமேல் கிடந்த அடிக்கோலை எடுத்துத் திரையின்மேல் சாய்த்து வைத்தாள். கீழே இருந்த புள்ளிகள் எல்லாம் அதன் ஓரத்தில் வரிசையாக நின்றன. வாயு லிங்கத்துக்கும் அதற்கு மேலேயும் இருந்த புள்ளிகள் நிற்கவில்லை. எல்லாம் வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி இருந்தன.

நடந்துகொண்டே இருப்பவனுடைய கோடு உடையாது. அவன் அந்த இடத்தில் நடக்கவில்லை. அடி அண்ணாமலையில் யாரும் விழாததற்குக் காரணம் அவன் அங்கே வராதது இல்லை. அங்கே அவன் உட்கார்ந்து இளைப்பாறுகிறான். ஒவ்வொரு பௌர்ணமியும், நெடுநேரம். திருடனும் தான் தலைசாய்க்கிற வீட்டில் கை வைக்கமாட்டான்.

புங்கமரமும் கயிற்றுக்கட்டிலும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. போனை எடுத்து அடித்தாள். அம்மா எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தாள்.

"இன்னாடி, சும்மா சும்மா அடிக்கிற? சாமி வந்து உக்காந்துகினு கீறாரு. மோர் ஊத்திக்கினு இருந்தேன்."

"எந்தச் சாமி?"

"எப்பவும் வர்ற சாமிதான். கையில தூக்குவாளி வச்சிக்கினு வருவாரே."

"அம்மா, போனை வைக்காத. அப்படியே எழுந்து பக்கத்து வீட்டு சுப்பிரமணி மாமா வீட்டுக்குப் போ. ஒண்ணும் பேசாத, போ."

"இன்னாது? ஒண்ணும் கேக்கல. ஒரே கொட்டுமேளம்…" போன் அறுந்துபோனது.

வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்குப் போக வேண்டுமென்றால் ஜனங்கள் வருகிற திசைக்கு எதிரே போக வேண்டும். சிவகணேஷ் தடுப்பு வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டார். அதற்கு மேல் வண்டி போகாது. எழில் ஓடினாள். மலையை இடவலம் மாறிச் சுற்றுகிறவளைப் பார்த்து ஜனங்கள் முகம் சுளித்தார்கள். "ஏம்மா, எதிர்ல போறியே, கண்ணு தெரியலயா?" என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார்கள். எதிரே வருகிற ஒவ்வொரு காவியையும், ஒவ்வொரு தாடியையும், ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டே ஓடினாள். தூக்குவாளி வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அவனும் அவளைப் பார்த்தபடியே கடந்து போயிருக்கலாம்.

காசியம்மாள் வாசலில் முழுசாக நின்றுகொண்டிருந்தாள். எழில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டில் காலியாக இருந்தது.

"இப்பதாண்டி போனாரு. இன்னா ஆச்சு உனக்கு?"

எழில் மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். காசியம்மாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அவள் மோர்ப்பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"நான்தாண்டி அவருக்குப் பொங்கல் வச்சுக் குடுப்பேன்" என்றாள். "இங்க வரும்போது தூக்கு காலியாப் பூடும். சுத்தற ஜனங்களுக்குக் குடுக்கறேன், நீயும் கை குடுத்தா உனக்கும் புண்ணியம்மான்னாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி என் கையால வாரி வாரிப் போட்டனே. அதுல இன்னாத்த கலந்தானோ. ஐயோ, யாரு யாரு துன்னாங்களோ!"

பிறகு இன்னொன்றையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் எழிலின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ போன்ல சொன்னதை நான் அவராண்ட சொன்னேன். எவனோ பிரசாதம் குடுத்து மயக்கறானாம் சாமி, ஜனங்க உங்களைத் தப்பா நெனச்சிக்கப் போவுது, ஜாக்கிரதைன்னேன். யாரும்மா சொன்னதுன்னாரு. எம் பொண்ணு, கம்ப்யூட்டர்ல பாத்தே சொல்லிடும்னேன். எங்க வேலை செய்யுதுன்னாரு."

"சொன்னியா?"

"பெருமையாத்தாண்டி சொன்னேன்."

போலீஸ் வந்தது, விசாரித்தது, அடையாளம் கேட்டது. தாடி, காவி, ஜடை, தூக்குவாளி என்றாள் காசியம்மாள். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பாதையைப் பார்த்தார். அந்த நேரத்தில் அந்தப் பாதையில் அதே அடையாளத்தோடு எத்தனையோ பேர் போய்க்கொண்டிருந்தார்கள். சாய்வுப்படத்தின் பிரதியை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வாயு லிங்கத்திலும் அதற்கப்பாலும் ஒரு புள்ளியும் விழவில்லை.

அந்த ஒரு மாதம் எழில் எப்படி இருந்தாள் என்று கேட்கக் கூடாது. திண்டிவனத்து முருகவேலுக்கு என்ன எழுதுவது என்று எழுதி எழுதி அழித்தாள். அந்த அம்மாள் நிருதி லிங்கத்தில் விழுந்தவள், வீட்டுப் பொங்கல் தூக்குக்குள் போவதற்கு முந்தைய இடம் அது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது ஆறுதல் என்றால் ஆறுதல்தான். சாம்பல் துண்டைத் தான் திறந்து பார்த்திருந்தால் அந்த அம்மாள் உயிரோடு இருந்திருப்பாள் என்பது மட்டும் எந்தப் படத்தில் போட்டாலும் மாறவில்லை. காசியம்மாள் வாசற்கதவைச் சாத்தியவள் திறக்கவில்லை, பொங்கல் பானையைக் கையால் தொடவும் இல்லை. என்னோடு ஆபீஸ் பக்கம் வந்து இரு என்றால், மாட்டை யார் பார்ப்பார்கள் என்றாள்.

ஆவணிப் பௌர்ணமி வந்தது. எழில் லீவு கேட்டாள். அந்தப் படத்தைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று போலீஸும் சொன்னது, சிவகணேஷும் கெஞ்சினார். சுப்பிரமணி மாமாவை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபீஸுக்கு வந்தாள். வந்த உடனே, மாடிக்கு யார் வந்தாலும் பார்த்து விடு, தாடி வைத்த சாமியார் யாரையும் உள்ளே விடாதே என்று சாம்பவியிடம் சொன்னாள். சாம்பவி கண்ணை உருட்டி, "தெரியும்க்கா, ஒரு மாசமா அதையேதானே சொல்றீங்க" என்றாள்.

வெயில் தாழ்ந்தது. அக்னியில் புள்ளி இல்லை. யமனில் இல்லை. நிருதியில் இல்லை. இராமலிங்கம் போனில் கூப்பிட்டார். "பாத்தியா, எல்லாம் அடங்கிடுச்சு. இந்தத் தடவை அந்த வடையில மற்றவையே இருக்காது போல, சுத்தமா இருக்கும்!" சிவகணேஷ் அப்பாடா என்று முதுகைச் சாய்த்தார். எழில் மட்டும் சாயவில்லை. காலி இடத்தைப் பார்த்து ஆறுதல் படுகிற புத்தி அவளுக்கு ஒரு முறை வந்து போய்விட்டது.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் முன் மேசையில் இரண்டு தொன்னைகளைப் பார்த்தாள். ஒன்றின்மேல் வாழையிலை மூடியிருந்தது. இன்னொன்று வழித்துச் சாப்பிட்ட தொன்னை.

"உங்களுதுக்கா" என்றாள் சாம்பவி. சொல்லிவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். "அப்பவே சொல்லணும்னு நெனச்சேன், நீங்க திரையை விட்டுத் திரும்பவே இல்ல. உங்க ஊர்க்காரராம், குடுத்துட்டுப் போனாரு."

"யாரு? யாரு சாம்பவி?"

"சாமியார் இல்லக்கா, பயப்படாதீங்க. பேன்ட் சட்டை போட்டிருந்தாரு, பளிச்சுனு ஷேவ் பண்ணி. உங்க அம்மா குடுத்தனுப்பினாங்கன்னாரு. முதல்ல நான் நம்பல. திறந்து பாத்தேன். கிராம்பு வாசனை. உங்க அம்மா பொங்கலேதான். அதனாலதான் சாப்பிட்டேன்." அவள் நாக்கு குழறியது. "என்னமோ தலை… லேசா கிறுகிறுங்குதுக்கா."

எழில் போட்ட கூச்சலில் சிவகணேஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். ஜெராக்ஸ் கடைக்காரரும் மேலே ஓடிவந்தார். இரண்டு பேருமாகச் சாம்பவியைத் தாங்கிப் படியிறக்கினார்கள்; கீழே ஆட்டோ நின்றது. "நீயும் வா" என்று சிவகணேஷ் கத்தினார்.

எழில் போகவில்லை. வாழையிலையை நீக்கினாள். பொங்கலில் இன்னும் சூடு இருந்தது. நெய் உறையவில்லை. தட்டிய கிராம்பு அங்கங்கே கறுப்பாகத் தெரிந்தது.

அம்மாவுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. சுப்பிரமணி மாமாவுக்கு அடித்தாள். அதுவும் மணி போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு எதிரே திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அடி அண்ணாமலைக்கு நேரே எப்போதும்போல ஒரு புள்ளியும் இல்லை.